34 சென்ட் ரிசர்வ் சைட்டைப் பூங்காவாக்கிய மூன்று வருடம்

எங்கள் குடியிருப்பின் தெற்கு மூலையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு இடம். ‘ரிசர்வ் சைட்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். யாருக்காக ரிசர்வ், எத்தனை சென்ட் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீடு இடித்த கல்லும் மண்ணும் ராத்திரியில் லாரியில் வந்து இறங்கும். 2021 மழைக்குப் பிறகு மேற்கு ஓரத்தில் ஒருவர் தகரக் கொட்டகை போட்டு பழைய இரும்பை அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

கொங்குப் பக்கத்து நகராட்சி ஒன்று எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். அறுபது பேர் கையெழுத்துப் போட்டு, பூங்கா வேண்டும் என்று மனு கொடுத்தோம். நாலு மாதம் பதில் இல்லை. நேரில் போனபோது அங்கிருந்த உதவியாளர் ஒரு பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, “இந்த இடம் நம்ம பேர்லயே இல்லீங்கண்ணா, இதுல எப்படிங்க செலவு பண்றது?” என்றார். அவர் சொன்னது சரிதான். பட்டா இன்னும் மனை பிரித்தவர் பெயரிலேயே இருந்தது. உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு இடம் கிடந்தால், பூங்கா கேட்பதற்கு முன்னால் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் படித்தோம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் விட முடியாத நிலையில் அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்ட வழி இருக்கிறது. எங்கள் மனைப்பிரிவு 1990-களில் போட்டது, ஐந்து ஏக்கர். அந்தக் காலத்திலும் இதே 10 சதவீதம் விட்டிருந்தார்கள். சாலை போக மீதிக்குக் கணக்குப் போட்டால் 34 சென்ட் வருகிறது.

அப்படியானால் தானப் பத்திரம் எங்கே? பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தோம். இதற்குக் காசு கிடையாது. வரிசையாக எங்கள் வீடுகளின் கிரயம், கிரயம், கிரயம். நடுவில் ஒரே ஒரு வரி: தானம். எழுதிக் கொடுத்தவர் மனை பிரித்தவர், பெற்றவர் அப்போதைய ஊராட்சி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகலை வாங்கினோம். ஊராட்சி பிற்பாடு நகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கோப்பு இடம் மாறியபோது இந்தப் பத்திரத்தை வைத்துப் பட்டாவை மாற்றும் வேலையை யாரும் செய்யவில்லை. எழுதிக் கொடுத்தவர் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தன் பங்கை ஒழுங்காகவே செய்திருந்தார்.

அடுத்தது அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போட்டோம். 30 நாள் கழித்து ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில். முதல் மேல்முறையீட்டில், நகல் வேண்டாம், கோப்புகளை நேரில் பார்க்க விடுங்கள் என்று கேட்டோம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. பதிவறையில் இரண்டு பகல் உட்கார்ந்தோம். எட்டாக மடித்த வரைபடம், மடிப்பு ஓரமெல்லாம் இற்று, வேறொரு மனைப்பிரிவின் கட்டுக்குள் இருந்தது. மேசையில் விரித்தபோது தெற்கு மூலையில் பச்சைப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. என்னோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்த மூன்று எழுத்தையும் மறுபடி படித்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அலைச்சல்தான். பட்டா மாறுதலுக்கு நாங்கள் மனுப் போட முடியாது, பெற்றவர் என்ற முறையில் நகராட்சி ஆணையர்தான் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். பத்திர நகல், வரைபட நகல் இரண்டையும் இணைத்து, அந்தக் கடிதம் போகும் வரை வாரம் ஒருமுறை போய் நின்றோம். கூடவே 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பையும் கொடுத்தோம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிக் குடியிருப்போர் போட்ட வழக்கு. ஒதுக்கீடு செல்லாது, கேள்வி கேட்கக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்று அதில் தீர்ப்பானது. ‘உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?’ என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

பட்டா மாற 14 மாதம் ஆனது. மாறிய பிறகு கொட்டகைக்கு நோட்டீஸ் வந்தது. அவரே பிரித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் பிழைப்பு வேண்டுமே என்று, இரும்பு அடுக்கப் பக்கத்துத் தெருவில் ஒரு காலி இடத்தை எங்களில் ஒருவர் வாடகைக்குப் பேசிக் கொடுத்தார்.

பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு பகுதி சபையில் நடந்தது. 2022-ல்தான் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைக்கு விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், சபைகள் கூடின. கிராம சபை மாதிரி நகரத்திலும் உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடைத்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. எங்கள் சபை பூங்காவைப் பற்றிப் பேசிய அன்று முப்பது பேருக்குள்தான் வந்தார்கள். ஆனால் தீர்மானமாக எழுதிக் கையெழுத்தானதால், மனுவுக்கு இல்லாத மதிப்பு அதற்குக் கிடைத்தது.

பொறியாளர் கொண்டுவந்த வரைபடம் எல்லா ஊருக்கும் பொதுவானது: சுற்றிலும் பேவர் பிளாக், நடுவில் ஒரு மண்டபம், ஓரத்தில் உடற்பயிற்சிக் கருவிகள். காகிதத்தில் பார்த்துப் பலருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், கருவேலம் அகற்றிய மண்ணில் அந்த வரைபடத்தை நிஜ அளவில் கோலமாவால் போட்டோம். பாதை எங்கே, மண்டபம் எங்கே என்று நடந்து பார்த்த பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபம் வந்தால் பந்து விளையாட இடம் இருக்காது என்றார்கள் பையன்கள். பனியன் கம்பெனியில் வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு வரும் அக்கா ஒருவர், விளக்கு உள்ளே இருந்து என்ன பயன், வாசலில் வையுங்கள் என்றார். பேவர் பிளாக்கைக் குறைத்து மண்ணாகவே விட்டால் தண்ணீர் இறங்கும் என்று வாத்தியார் சொன்னார்.

வாசலில்தான் பெரிய வாக்குவாதம். தரை சாலையைவிட 40 சென்டிமீட்டர் மேடு. வரைபடத்தில் படிகள் மட்டுமே இருந்தன. வாக்கர் பிடித்து நடக்கும் பாட்டி ஒருவர் கோலக்கோட்டுக்கு வெளியே நின்று, “நான் இங்கயே நின்னுக்கறேன் சாமி” என்றார். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரநிலைகளின்படி சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில், அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளமாக, இருக்க வேண்டும், அப்படியானால் 4.8 மீட்டர் நீளம் தேவை. அந்த நீளத்தையும் மாவில் கோடு போட்டுக் காட்டினோம். மதிலோரமாகத் திருப்பினால் அடங்கும் என்று பொறியாளரே வழி கண்டுபிடித்து, அன்றைக்கே பென்சிலால் திருத்தினார்.

2024-ல் பூங்கா திறந்தது. மண்டபம் இல்லை, வாசலில் விளக்கும் சாய்தளமும் உண்டு. கிழக்கு ஓரத்தில் ஒன்றரை சென்ட் பக்கத்து வீட்டு மதிலுக்குள் இருக்கிறது. மறு அளவைக்கு மனு போட்டிருக்கிறோம். நில அளவர் வரும் நாளுக்காக, வரைபடத்தின் புது நகலை லேமினேட் செய்து வாத்தியார் வீட்டில் வைத்திருக்கிறோம்.