இது யார் சொல்வது?

பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக்கு முதுகலை தத்துவம் படிக்கப் போனபோது, இடைக்காலத் தத்துவ வரலாறு என் திட்டத்திலேயே இல்லை. கால அட்டவணையில் வேறு எதுவும் ஒத்துவரவில்லை. சரி, ஒரு பருவம்தானே என்று சேர்ந்தேன்.

முதல் கட்டுரையிலேயே மானம் போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் 'சும்மா தியாலஜியே' (இறையியல் தொகை), முதல் பாகம், இரண்டாம் வினா, மூன்றாம் பகுதி: கடவுள் இருக்கிறாரா? அது தொடங்குவதே "கடவுள் இல்லை என்று தோன்றுகிறது" என்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புனிதர் பட்டம் பெற்றவருக்குள் ஒரு நாத்திகரைக் கண்டுபிடித்துவிட்டேன்! இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். பேராசிரியர் திருப்பித் தந்த தாளில், அந்த மேற்கோளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: "இது யார் சொல்வது?"

சொல்வது எதிராளி. அந்தக் காலப் பல்கலைக்கழகங்களில் பாடம் பாதி, வாதம் பாதி. அதன் அச்சுதான் இந்த நூலும். 'விதேத்துர்', அதாவது 'என்று தோன்றுகிறது' என மறுப்புகள் முதலில் வரும். அப்புறம் 'இதற்கு மாறாக' என்று ஒரு மேற்கோள். அதன் பிறகே 'என் விடை'. கடைசியில் ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனிப் பதில். திருக்குறள் உரையில் பரிமேலழகர் "என்று உரைப்பாரும் உளர்" என்று எழுதும் இடத்தை அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அதைத்தான் நான் செய்திருந்தேன்.

திரும்பப் படித்தேன். மறுப்புகள் இரண்டே இரண்டு. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது. ஆனால் தீமை இருக்கிறது. உலகில் நடப்பதை விளக்க இயற்கையும் மனித அறிவும் விருப்பமுமே போதும். பிறகு கடவுள் எதற்கு? இன்றைக்கும் நாத்திகர் பேசுவது பெரும்பாலும் இவ்விரண்டைத்தான். எதிராளிக்கு இவ்வளவு நல்ல வக்கீலாக அக்வினாஸ் இருப்பார் என்று நான் நினைக்கவேயில்லை.

லத்தீன் பயந்த அளவுக்கு இல்லை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளியில் ஒப்பித்தவனுக்கு வேற்றுமை உருபு புதிதா என்ன? வினைமுற்று கடைசியில் வருவதும் நம் வழக்கம்தான். உடன் படித்த ஆங்கிலேயர்கள்தான் பாவம், எழுவாயைத் தேடித் தவித்தார்கள்.

படுத்தி எடுத்தது கையெழுத்துச் சுவடிகள். எழுதப் பயன்பட்ட தோலின் விலை அதிகம் என்பதாலும், கை ஓயாமல் படியெடுக்க வேண்டியிருந்ததாலும் எல்லாவற்றையும் சுருக்கிவிடுவார்கள். 'பி' (p) எழுத்தின் காலில் குறுக்குக் கோடு என்றால் 'பெர்', தலைக்கு மேல் கோடு என்றால் 'ப்ரே', காலிலிருந்து வளைந்த கொக்கி என்றால் 'ப்ரோ'. 1899-ல் வெளிவந்த கப்பெல்லியின் சுருக்கக்குறி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பத்தியைத் தாண்ட எனக்கு முழு மாலை ஆகும். அக்வினாஸின் சொந்தக் கையெழுத்துக்கு அறிஞர்கள் வைத்திருக்கும் பெயரே 'புரியாத எழுத்து' என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

பருவத்தின் பிற்பகுதி முழுக்க 1277. அந்த ஆண்டு மார்ச் 7-ல், அக்வினாஸ் இறந்து சரியாக மூன்றாண்டு கழித்து, பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். அந்தப் பட்டியலில் எந்தக் கருத்துக்கு எதிரேயும் சொன்னவர் பெயர் கிடையாது. பாரிஸில் கற்பித்த சிகெர் பேசியதா, அங்கேயே கற்பித்த டேசியாவின் போயீதியஸ் பேசியதா, அரிஸ்டாட்டிலுக்கு எழுதப்பட்ட அரபு உரைகளிலிருந்து எடுத்ததா என்று ஆய்வாளர்கள் இன்னமும் துழாவுகிறார்கள்.

தேர்வு வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்தார்: 'கடவுளால் வானத்தை நேர்கோட்டில் நகர்த்த முடியாது, ஏனென்றால் பின்னால் வெற்றிடம் உண்டாகிவிடும்.' பிறகு, எதிர்பார்த்த மாதிரியே, "இது யார் சொல்வது?" என்றார்.

"பெயர் இல்லை ஐயா. வெற்றிடம் இருக்க முடியாது என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. அவரை நம்பிய எந்த ஆசிரியரும் சொல்லியிருக்கலாம். கடவுளின் வல்லமைக்கு எல்லை போடுவதுதான் ஆயருக்குப் பிடிக்கவில்லை" என்றேன்.

"ஆயருக்கு எதிராக நீங்கள் வாதாடுங்கள்" என்றார். பத்து நிமிடம் வாதாடினேன். 20-க்கு 14.