வேலூர் மாடித் தக்காளி: தண்ணீரைப் பார்த்து மண் கலப்போம்

மாடியில் தக்காளி வைக்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது மண்கலவையின் விகிதத்தைத்தான். சத்துவாச்சாரிக்காரரானாலும் காட்பாடிக்காரரானாலும் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டு போர் தண்ணீரைப் பற்றி. குடம் வைத்த இடத்தில் வெள்ளைத் தடம் படிகிறதா, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே செடி வளர்க்கும் பையில் எதைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்ல முடியும். நல்ல மழையும் மென்மையான நீரும் உள்ள ஊர்களுக்கு ஏற்ற கலவை, உப்பேறிய நிலத்தடி நீரை ஊற்றி, வெயிலில் தகிக்கும் கான்கிரீட் தளத்தின் மேல் செடி வளர்க்கிற நமக்கு அப்படியே பொருந்தாது.

தக்காளி உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். பாசன நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டி அளவு. டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் கணக்கில், அது லிட்டருக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். கருவி 1,000 காட்டினால், உரம் என்று ஒரு சிட்டிகை போடுவதற்கு முன்பே செடியின் தாங்குதிறனில் பெரும்பங்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். வயலில் மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். பையிலோ தண்ணீர் ஆவியாகப் போய்விட, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கோடையில் பையின் உள்விளிம்பில், மண்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, உப்புப் பூத்து வெள்ளை வளையமாக நிற்பதைக் காணலாம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்த வளையம் தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிட்டு, பையின் அடித்துளைகளில் தாராளமாக வடியும்வரை மழைநீரையோ கிடைத்தவற்றுள் உப்புக் குறைந்த நீரையோ ஊற்ற வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் நன்றாக வடியக்கூடிய, அதே நேரத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கக்கூடிய கலவை நமக்குத் தேவைப்படுகிறது. நான் பயன்படுத்துவது, கொள்ளளவில், கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கரியாக்கிய உமி அல்லது பருமணல் அரைப் பங்கு. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நான்கைந்து முறை நீர் ஊற்றியதுமே அது இறுகி, வேருக்குக் காற்றே போகாமல் செய்துவிடும். மாடியில் தேவையற்ற பாரமும் சேரும். உமிக்குப் பஞ்சமில்லை, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஆரணி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வாங்குவது கறுத்த உமிக்கரியாக இருக்க வேண்டும். வெளுத்த சாம்பலாக இருக்கக்கூடாது. சாம்பல் காரத்தன்மை உடையது, நம் தண்ணீரும் பெரும்பாலும் அப்படியே, இரண்டும் சேர்ந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது.

நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. அதில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புச் சாயம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை நீர் மாற்ற வேண்டும். நாம் குறைசொல்லும் கடின நீர் உதவுகிற ஓர் இடம் இது: அதிலுள்ள கால்சியம், நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கிவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர் இருந்தால் நல்லது.

பையின் அடியில் செங்கல் ஜல்லி பரப்புவது பல வீடுகளில் உள்ள பழக்கம். தண்ணீர் வடிய உதவும் என்ற எண்ணத்தில் செய்கிறார்கள், நடப்பது நேர்மாறு. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. நனைந்த பஞ்சு தன் அடிப்பகுதியில் நீரைப் பிடித்துவைப்பதுபோல, ஜல்லிக்குச் சற்று மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். தேங்கும் மட்டம் வேரை நோக்கி உயர்வதுதான் மிச்சம், வேர் ஓட வேண்டிய ஆழமும் குறைகிறது. பை முழுவதும் கலவையையே நிரப்பி, பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தின் சூடும் நேராக ஏறாது. ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள வட்டப் பை ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். ஒரு செடிக்கு அதற்குக் குறைந்து வேண்டாம்.

மக்காத சாணத்தைக் கலந்தால் பைக்குள் சூடேறும், கூடவே வெள்ளைப் புழுக்களும் வந்து சேரும். கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைக் கலவையோடு சேர்த்து, ஈரமாக்கி, இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகு நாற்றை நடலாம். வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவை அந்தப் புண்ணாக்கு ஓரளவு தடுக்கும். நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மைப் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து வைத்தும் இடலாம்.

இனி உரமிடல். உப்பு நீருள்ள ஊரில் ஒரே விதிதான்: நீர்த்ததாக, அடிக்கடி. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம், தண்ணீரின் உப்பு அதிகமானால் அரை கிராம், வாரம் ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது. இயற்கை வழி விரும்புவோர் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றலாம். கடலை விளையும் வட ஆர்க்காட்டுப் பகுதியில் அது எளிதாகக் கிடைக்கும், தழைச்சத்தும் மிகுதி. ஆனால் அதில் சாம்பல்சத்து குறைவு என்பதால், பூத்த பிறகும் அதையே தொடர்ந்தால் செடி தழைத்து நிற்குமே தவிர காய் சொற்பமாகத்தான் இருக்கும். முதல் கொத்தில் காய் பட்டாணி அளவு வந்ததும் சாம்பல்சத்து மிகுந்த 13:0:45 அல்லது 0:0:50 உரத்துக்கு மாறிவிட வேண்டும். பஞ்சகவ்யத்தை 3 சதவீத அளவில், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, இலையில் தெளிக்கலாம்.

காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் காய்ந்து குழிவதைக் கண்டதும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். கால்சியம் காயைச் சென்றடையாததால் வருவதுதான் அது. ஆனால் நம் கடின நீரிலேயே கால்சியம் உண்டு. அது தண்ணீரோடு சேர்ந்தே செடிக்குள் ஏறும் என்பதால், ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் நுனிக்கு வந்து சேராது. கோடையில் காலை மாலை இருவேளையும் அளவாக நீர் விட்டு, மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடுவதே மருந்து. மழைநீரை மட்டும் ஊற்றுபவர்களுக்குக் கால்சியம் நைட்ரேட் தேவைப்படலாம். அதை 19:19:19-உடன் ஒரே வாளியில் கரைத்தால் நீர் பால்போல் கலங்கும், அடியில் படிந்த சத்து செடிக்குக் கிடைக்காது. வேறு நாளில் தனியாக ஊற்றுங்கள்.

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. முதிர்ந்த இலையில் அப்படி வந்தால் மெக்னீசியக் குறை. முன்னதற்குச் செடி எளிதில் எடுக்கக்கூடிய கீலேட் வடிவ இரும்பையும் பின்னதற்கு எப்சம் உப்பையும் (மெக்னீசியம் சல்பேட்) இலைவழி தருவது நல்லது.

இரவிலும் வெப்பம் தணியாத கோடையில் எந்தக் கலவையிலும் பூ உதிரும், அதனால் கார்த்திகை முதல் மாசி வரை காய்க்கும்படி ஆவணியில் விதைப்பதே என் வழக்கம். இலைச்சுருள் நோய் மிகுந்த தெருக்களில் அந்நோயைத் தாங்கும், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகத்தையும், நாட்டுப் புளிப்பு வேண்டுவோர்க்கு பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ரகத்தையும் சொல்வேன். புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரியை வளர்த்த பையில் அடுத்ததாகத் தக்காளி வைக்க வேண்டாம். ஒரே குடும்பம், ஒரே நோய்கள். அந்த மண்ணை அக்னி நட்சத்திரத்தில் ஈரமாக்கி, மெல்லிதாகப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். பிறகு புதிய மண்புழு உரம் கால் பங்கு சேர்த்து, தக்காளிக்கு முன் ஒருமுறை கீரையோ கொத்தவரையோ போட்டு எடுங்கள்.