பொல்லு

யூன் 20
கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டு இறங்கியாயிற்று. கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் இடது குதிக்கால் சுடத் தொடங்கிவிட்டது. தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். ரிப்போட் இன்னும் வரவில்லையாம்.

யூன் 21, களுதாவளை
பிள்ளையார் கோயிலடியில் படுக்கை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலோடு வருகிறவர்கள் எங்களுக்கு முன்பே வந்து படுத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக நடக்கிறார்களாம். நான் இரண்டு நாளிலேயே நொண்டி. அவர்களில் வயதான ஒருவர் என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தான் ஊன்றி வந்த பொல்லை நீட்டினார். "திருக்கோவிலிலை தாங்கோ சாமி." இந்த வழியில் எல்லோருக்கும் அந்த ஒரு பெயர்தான். விடிய எழும்பினால் ஆளைக் காணவில்லை.

யூன் 23, காரைதீவு
கண்ணகை அம்மன் கோயிலடியில் கஞ்சி. இரண்டு கோப்பை குடித்தேன். தங்கச்சி எடுக்கவில்லை.

யூன் 24, அக்கரைப்பற்று
தேத்தண்ணிக் கடை நானா காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "பொல்லில்லாம ஒரு ஐயா போனாரா?" என்று கேட்டேன். சிரித்தார். சரிதானே, பொல்லோடு போகிறவரைத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். இல்லாமல் போகிறவரை யார் கவனிக்கப்போகிறார்கள்?

யூன் 25, திருக்கோவில்
சித்திர வேலாயுதர் கோயிலை மூன்று தரம் சுற்றினேன். ஒரு சுற்று சாமிக்கு, மற்ற இரண்டும் அவரைத் தேடி. சந்நிதிக் கூட்டம் காலையிலேயே போய்விட்டதாம். பொல்லின் பிடி தேய்ந்து, அவர் விரல்கள் இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. என் விரல்கள் அதில் பொருந்தவில்லை. எத்தனை வருடம் பிடித்திருப்பார்? இப்போது எதை ஊன்றி நடக்கிறார்? கொடுத்த கை அவருடையது, வாங்கிய கை என்னுடையது. வாங்காமல் விட்டிருக்கலாம். ஆனால் வாங்காவிட்டால் கல்லாற்றோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். வீட்டில் இருந்தால் அந்த ரிப்போட்டை நான்தான் போய் எடுக்க வேண்டும். இதை எழுதியிருக்கக் கூடாது.

யூன் 26
யாரோடும் பேசவில்லை.

யூன் 27, பொத்துவில்
கோமாரியிலிருந்து ஒரு தாயும் மகனும் கூட வந்தார்கள். பொடியனுக்குப் பத்து வயதிருக்கும், வெறுங்கால். யானை வந்தால் என்ன செய்வது என்று வழி நெடுகக் கேட்டான். அரோகரா சொல்லு என்றாள் தாய். "அதுக்குத் தமிழ் விளங்குமா?" அப்புறம் பொல்லைக் கேட்டான். கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் வெட்கம்.

யூன் 28, பாணமை
தயிர்ச் சட்டியோடு வாசலில் நின்ற ஆச்சி பாதி சிங்களம் பாதி தமிழில் பேசினார். "இந்தா புள்ள, தின்னு, மறுகா நட." இந்த ஊரில் அப்படித்தான் பேசுவார்கள். எருமைத் தயிரும் சீனியும். குதிக்காலை மறந்துபோனேன்.

யூன் 29, உகந்தை
முருகனும் வள்ளியும் வந்த கல் ஓடங்கள் என்று கடற்கரைப் பாறைகளைப் பொடியனுக்குக் காட்டினார்கள். கல் எப்படி மிதக்கும் என்கிறான். சந்நிதிக் கூட்டத்தில் விசாரித்தேன். "அவரா? வள்ளியம்மன் மலைக்கு ஏறினவர்." ஏறினேன். சுனையில் தண்ணீர் கிடந்தது. ஆள் இல்லை. மேலே சிக்னல் ஒரு கோடு வந்தது. தங்கச்சி மூன்று தரம் எடுத்திருக்கிறாள்.

யூன் 30
காட்டுப்பாதை திறந்தாயிற்று. கும்புக்கன் ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு என்கிறார்கள், முழங்காலளவு என்கிறார்கள். இனி சிக்னல் இல்லை. தங்கச்சிக்கு இன்னும் எடுக்கவில்லை. வரிசை நகர்கிறது. பொடியன் பொல்லின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு