அப்பாவின் பாலிசியில் எனக்கு வயதாகிவிட்டது

நம் நாட்டில் ஓட்டுப் போட 18 வயது ஆக வேண்டும். ஆண் பிள்ளை கல்யாணம் செய்துகொள்ள 21. ஆனால் ஹெல்த் இன்ஷூரன்ஸ்காரர்கள் கணக்கில் பெரும்பாலும் 25 வரைக்கும் நாம் குழந்தைதான். தாடி வளர்த்திருக்கலாம், பைக்குக்கு டியூ கட்டிக்கொண்டிருக்கலாம், பாலிசி பத்திரத்தில் 'பெற்றோரைச் சார்ந்த குழந்தை' என்றுதான் போட்டிருக்கும். போன ரினியூவலோடு அந்தப் பதவி எனக்குப் பறிபோனது.

நோட்டீஸை முதலில் படித்தது அப்பா. கும்பகோணத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர், எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார். "ஒரு ஆள் குறையுதுல்ல, பிரீமியம் எவ்வளவு குறையும்?" என்று ஏஜென்ட் மாமாவுக்குப் போன் போட்டார். குடும்பத்துக்கே சேர்த்து ஒரே தொகைக்கு எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியத்தை ஏற்றி இறக்குவது அதில் இருப்பவர்களில் மூத்தவரின் வயசு. அதாவது அப்பாவின் வயசு. நான் விலகியதால் குறையும் தொகையைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இருந்தும் பெரிசா செலவில்ல, போயும் பெரிசா லாபமில்ல."

அம்மாவுக்கு வேறு கவலை. "கல்யாணமும் ஆகலை, மாசச் சம்பளமும் இல்லை, இதுல இவனுங்க வேற பேரை எடுத்துட்டாங்களா?"

மாசச் சம்பளம் இல்லை என்பது உண்மை. நான் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறவன். முகூர்த்த மாசத்தில் தூக்கம் இருக்காது, மார்கழியில் வேலை இருக்காது. கம்பெனி உத்தியோகம் என்றால் குரூப் இன்ஷூரன்ஸ் தருவார்கள். சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும், கடை வருமானம் அதைத் தாண்டிவிடும். ஆக எதிலும் எனக்குச் சேர்த்தி இல்லை.

"இருபத்தஞ்சு வயசுல என்ன வியாதி வரப்போவுது? அந்தக் காசுக்குச் சீட்டு போடு" என்றார் சித்தப்பா. சித்தப்பா சீட்டு நடத்துகிறவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெங்களூரில் ஐடியில் இருக்கும் நண்பன், "எனக்கெல்லாம் கம்பெனியே அஞ்சு லட்சம் கவர் குடுக்குது மச்சி" என்று தோளைத் தட்டினான். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. கடைசி வேலை நாளோடு கவரும் முடிந்தது. இப்போது அவனும் என்னைப் போலவே பாலிசி தேடுகிறான், அவன் தேடினால் மட்டும் அதற்குப் பெயர் ரிசர்ச்.

சரி, ஆன்லைனில் விலையை ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று ஒரு தளத்தில் போன் நம்பரைத் தட்டினேன். அன்றிலிருந்து என்மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் இந்த ஊர் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. ஒரு நாள் மண்டபத்தில் தாலி கட்டும் நேரம், கேமராவைத் தோளில் வைத்திருக்கிறேன், காதில் இருந்த ஹெட்செட் தானாகவே அழைப்பை எடுத்துவிட்டது.

"சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"கல்யாணம் நடந்துட்டு இருக்கு, அப்புறம் கூப்பிடுங்க."

பின்னால் கெட்டிமேளம். அந்தப் பெண் ஒரு நொடி அமைதியாக இருந்துவிட்டு, "கங்கிராட்ஸ் சார்! அப்போ மேடத்தையும் சேர்த்து ஃப்ளோட்டராவே போட்டுடலாம் சார்" என்றாள். வாழ்த்துச் சொன்ன கையோடு மெட்டர்னிட்டி கவருக்கும் ஒரு விலை சொன்னாள். மணமேடையில் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுக்கு வரவே இல்லை, எனக்கு அங்கே பிரசவம் வரைக்கும் கோட்டேஷன் ரெடி.

விலையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு மூன்று லட்சம் பாலிசியை எடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அத்தை பையனுக்கு டெங்கு வந்து படுத்த கதைதான் பயமுறுத்தியது. அவன் பாலிசியும் மூன்று லட்சம். ரூம் வாடகை தினம் பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 வரைதான். அத்தை கௌரவம் பார்த்து 6,000 ரூபாய் ஏசி ரூம் போட்டாள். வாடகையில் மட்டும் பாதி கையை விட்டுப் போகும் என்று நினைத்தார்கள். டாக்டர் விசிட், நர்சிங் என்று ரூமோடு ஒட்டிய செலவுகளிலும் அதே விகிதத்தில் கத்திரி விழுந்தது. மிச்சத்தை மாமா வளையலை வைத்துக் கட்டினார். வளையல் அத்தையுடையது. அதனால் நான் ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசியாகத் தேடினேன்.

இதற்கு நடுவில்தான் அந்த நோட்டீஸின் பின்பக்கத்தைப் படித்தேன். யாரும் படித்துவிடக் கூடாது என்றே அச்சடித்த சைஸில் ஒரு பாரா இருந்தது. வயது வரம்பைத் தாண்டி ஃப்ளோட்டரிலிருந்து வெளியேறும் பிள்ளை, அதே கம்பெனியில் தன் பெயரில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை காத்திருந்த காலமும் கூடவே வரும். மைக்ரேஷன் என்கிறார்கள். ஏஜென்ட் மாமா புதுப் பாலிசி ஃபாரத்தை நீட்டினாரே தவிர இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. ஹெர்னியா, மூலம், சைனஸ் மாதிரிச் சிலவற்றுக்கு இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரைகூட. 2024 ஏப்ரலுக்கு முன்னால் அது 48 மாதம். எனக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அப்பா பாலிசியில் இருக்கிறேன், காத்திருப்பெல்லாம் எப்போதோ முடிந்த கணக்கு. வயலும் வீடும் எழுதித் தராவிட்டால் என்ன, அப்பா வழியாக எனக்கு வந்து சேர்ந்த முதல் பரம்பரைச் சொத்து இந்தக் காத்திருப்புக் காலம்தான். அப்பாவிடம் சொன்னேன். "வருஷா வருஷம் பணம் கட்டினதுக்கு அதாவது கிடைச்சுதே" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது என்றதும்தான் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

அப்பாவின் பாலிசி ஐந்து லட்சம், நான் பத்தாகக் கேட்டேன். பழைய ஐந்து லட்சம் வரைக்கும் பழைய சலுகை. கூடுதல் ஐந்துக்குக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. தொகையைக் கூட்டியதால் கம்பெனி டாக்டர் போனில் பேசுவார் என்றார்கள். அம்மா முதல் நாளே உஷார்ப்படுத்தினாள். "வீசிங் கீசிங்னு உளறி வைக்காதே. இப்பதான் ஒண்ணும் இல்லையே." மறைத்தால் பின்னால் கிளெய்ம் நிற்காது, பாலிசியே போய்விடும் என்று விளக்கினேன். "நீ ரொம்பப் படிச்சுட்டே" என்றாள்.

மறுநாள் போன் வந்தது. கையில் எடிட்டிங் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது ஒரு பெண் டாக்டர்.

"ஆஸ்துமா, வீசிங் ஏதாவது இருக்கா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வந்துவிட்டாள். டாக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அம்மாவால் எதையும் மறைக்க முடியாது. "ஆமாம் டாக்டர், மூணு வயசுலேர்ந்து. பனி ஒத்துக்காது. நீல கலர் பம்பு வச்சிருந்தான், அதை ஸ்கூல்ல தொலைச்சுட்டு வந்தான். நைட்டு ரெண்டு மணி வரைக்கும் போன் பார்க்கறான், அதையும் எழுதிக்குங்க."

"அம்மா, சார்தான் பதில் சொல்லணும். கால் ரெக்கார்டு ஆகுது."

"ரெக்கார்டு ஆகட்டும் டாக்டர், நல்லதுதான். எனக்கு மாடிப்படி ஏறினா வலது முட்டி மட்டும் கடக் கடக்னு சத்தம் வருது. அது எதனால?"

எனக்காக வந்த அழைப்பில் கால்வாசிதான் எனக்குக் கிடைத்தது. அந்த டாக்டர் பாவம், மருந்து எதுவும் சொல்ல முடியாது என்று தயங்கிவிட்டு, நேரில் ஒரு எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். கோயில் பிரசாதம் மாதிரி அதை வாங்கிக்கொண்டு அம்மா உள்ளே போனாள்.

பாலிசி வந்துவிட்டது, வீசிங்கும் அதில் ஒளிவு மறைவில்லாமல் பதிவாகியிருக்கிறது. பத்திரத்தை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்த அம்மா, "அந்த டாக்டர் பொண்ணு வருஷா வருஷம் கூப்பிடுமா?" என்று கேட்டாள்.

"ரினியூவலுக்கெல்லாம் கூப்பிட மாட்டாங்கம்மா. வேற கம்பெனிக்கு மாத்தினா அங்கேர்ந்து ஒரு டாக்டர் கூப்பிடலாம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எப்போ மாத்தறே?"