60வது நாள், கொப்புளம் இல்லாத குதிகால், அந்தக் கடைசித் துளை

தினமும் நடக்க ஆரம்பித்து நேற்றோடு 60 நாள். ஒரு நாள்கூட விடவில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம், கடைசி 24 நாளாக வலது குதிகாலில் கொப்புளமே வரவில்லை என்பதுதான். இதற்கு முன் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் இரண்டாவது வாரத்தில் நின்றுபோனது. சோம்பலால் இல்லை, இந்தக் குதிகாலால்.

முதலில் ஷூ பெரிதாக இருக்கிறது என்று நினைத்து அரை சைஸ் குறைத்து வாங்கினேன். பெருவிரல் நகம் முட்டிக் கறுத்ததுதான் மிச்சம். பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தேன், வியர்வையில் சுருண்டுகொண்டு அதுவே உறுத்தியது. அப்புறம்தான் புரிந்தது, சைஸில் தப்பே இல்லை, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஷூவுக்குள் கொஞ்சம் எழும்பி இறங்குகிறது. அரை மணி நேர நடையில் ஒரு காலுக்கு 1,500 தடவை அப்படி உரசினால் எந்தத் தோல்தான் தாங்கும்?

தீர்வு ஷூவிலேயே இருந்தது. கணுக்காலுக்குப் பக்கத்தில், மற்ற துளைகளின் வரிசையை விட்டுச் சற்றுப் பின்னால் தள்ளி ஒரு துளை இருக்குமே, அது அலங்காரத்துக்கு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். லேஸை வழக்கம்போலக் குறுக்காகக் கோத்துவந்து, கடைசித் துளைக்கு மட்டும் குறுக்கே போகாமல் அதே பக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே விட வேண்டும். இரண்டு பக்கமும் சின்ன வளையம் நிற்கும். இந்தப் பக்க நுனியை அந்தப் பக்க வளையத்தில் நுழைத்து, அந்தப் பக்கத்தை இங்கே நுழைத்து இழுத்தால் கணுக்கால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு வாரம் தவறிய இடம் இந்த இழுப்பில்தான். மேல்நோக்கி இழுத்தால் பாதத்தின் மேற்புறம் நெரிபட்டு விரல் மரத்துப்போகிறது. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் நன்றாக உட்காரவைத்துவிட்டு, லேஸைக் கீழ்நோக்கி, குதிகால் பக்கமாக இழுத்து, அப்படியே பிடித்தபடி முடிச்சுப் போட வேண்டும். விரல் பக்கத்து லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். புது ஷூ வாங்குவதானால் சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் பொருந்துகிற ஷூ அப்போது இறுக்கும்.

வேகத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு நிமிடத்துக்கு 100 அடி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை இப்படி ஐந்து நாளிலேயே முடித்துவிடுகிறேன், மீதி இரண்டு நாள் ஆசைக்கு நடப்பது. 10,000 அடி எட்டவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' ('பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்) என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களை வைத்து 2019ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500க்குப் பக்கத்தில் அந்தப் பலன் சமனாகிவிட்டது. எனக்கு 7,000 வருகிறது, நிம்மதியாக இருக்கிறேன்.

இது போக, இரவு சாப்பிட்டபின் 15 நிமிட நடை. நடக்கும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பிட்டதும் வருகிற அந்த மந்தம் எனக்கு இப்போது இல்லவே இல்லை. ஆனால் ஆசையாகக் கிளம்புவது விடியலுக்கு முன்புதான். இந்த 60 நாளில் நிலவு இரண்டு சுற்று வந்துவிட்டது. பௌர்ணமியை ஒட்டி மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், அப்புறம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே கிழக்கே தள்ளிப்போய், ஒருநாள் கீற்றாகச் சூரியனுக்குச் சற்று முன்னால் எழும். புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் தினமும் ஒரே திருப்பத்தில் நின்று பார்க்கையில் மனம் நிறைந்துவிடுகிறது.

அடுத்து மேடு ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும், இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டாமல் இந்த முடிச்சு தாங்குகிறதா என்று தெரியவேண்டும். அதற்கு முன் லேஸ் மாற்றணும். வளையம் நீளத்தைத் தின்றுவிடுவதால் 120 செ.மீ. லேஸில் முடிச்சுக்கு நுனியே மிஞ்சவில்லை, உருண்டை லேஸ் வேறு பாதி வழியில் அவிழ்ந்துவிடுகிறது. தட்டை லேஸ் 140 செ.மீ.யில் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன், வந்ததும் வலது காலுக்கு மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கப்போகிறேன்.