ரேடியோ வெடிப்பைத் தேடியபோது: சலித்தெடுக்கும் வேலை

பல ஆன்டெனாக்களை இணைத்த எங்கள் தொலைநோக்கி வரிசையில் அதிவேக ரேடியோ வெடிப்புகளை (எஃப்ஆர்பி), அதாவது விண்வெளியிலிருந்து வந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும் ரேடியோ அலை வீச்சுகளை, தேடும் குழுவில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பி0329+54 என்ற பல்சாரை, அதாவது சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரத்தை, பிடிப்பது. 0.71 விநாடிக்கு ஒரு துடிப்பு என்பதும் வழியில் எவ்வளவு எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்று காட்டும் அதன் சிதறல் அளவு, அதாவது டிஎம், 26.7 என்பதும் ஏற்கெனவே தெரிந்தவை. அது ஒழுங்காகத் தெரிந்தால்தான் ஆன்டெனாக்களின் அலைக் கட்டம் (ஃபேஸ்) சரியாக இணைந்திருக்கிறது என்று நம்பலாம்.

அப்புறம்தான் நிஜத் தேடல். வழியில் இருக்கும் எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இந்தப் பல்சாருக்கு மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் அரை விநாடி இடைவெளி. டிஎம் 500 உள்ள வெடிப்புக்கோ 9.7 விநாடி. புது வெடிப்பின் டிஎம் முன்கூட்டித் தெரியாதே! ஆயிரக்கணக்கான மதிப்புகளுக்கு ஒவ்வொரு சேனலையும் நகர்த்திக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதைக் கணினியின் ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) பார்த்துக்கொள்ளும்.

மனிதர் திணறுவது அதற்குப் பிறகு. ரேடார், செயற்கைக்கோள், செல்போன் என்று எல்லாமே நிரலின் கண்ணில் வெடிப்புதான். உள்ளூர் சமிக்ஞைக்குச் சிதறல் இருக்காது என்பதால் டிஎம் பூஜ்ஜியத்தில் பிரகாசமாகத் தெரிவதைத் தள்ளிவிடலாம், ஆனால் அது மட்டும் போதாது. பார்க்ஸ் தொலைநோக்கியில் சிதறலோடு வந்த மாதிரியே தெரிந்த சில சமிக்ஞைகள், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததால் வந்தவை என்பது 2015-இல்தான் தெரிந்தது. இதைக் கேட்டபின் அழகான வரைபடம் எதையும் நான் லேசில் நம்புவதில்லை.

என்னைப் பொறுத்தவரை வரிசையின் பெரிய பலம் இங்கேதான். ஒரே நேரத்தில் பல கற்றைகளை, அதாவது வானத்தின் வெவ்வேறு சிறு பகுதிகளைப் பார்க்கும் பார்வைகளை, அமைக்கலாம். வானத்திலிருந்து வருவது ஒன்றிலோ பக்கத்துக் கற்றைகளிலோதான் விழும். உள்ளூர்க் குறுக்கீடு பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரேயடியாகத் தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகச் சமிக்ஞைகளின் குவியல் சட்டென்று கரைந்துவிடும்.

மிஞ்சியதைப் பார்த்து முடிவெடுக்கவும் ரொம்ப நேரம் கிடையாது. ஆன்டெனாக்களின் மூலத் தரவு நினைவகத்தில் கொஞ்ச நேரம்தான் தங்கும், அதற்குள் நிரலே சேமிக்கச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சேமித்த தரவைக் கொண்டுதான் ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் வரிசை எஃப்ஆர்பி 180924 எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது என்று காட்டியது. அது 2019-இல் வெளியானது.

நாங்கள் பிடித்தது புதிது அல்ல. 16.35 நாள் சுழற்சியில் விழித்துக்கொள்ளும் எஃப்ஆர்பி 20180916பி-யை, அது விழித்திருக்கும் நாட்களாகப் பார்த்துக் குறிவைத்தோம். டிஎம் 349-இல், ஒரே கற்றையில், அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும் அந்த வளைகோடு சுத்தமாக விழுந்தது. நிரலில் எதை மாற்றினாலும் இப்போது முதலில் அந்தப் பதிவைத்தான் ஓட்டிப் பார்க்கிறோம்.