மணற்காட்டில் இரண்டு இரவுகள்: கன்னி ராசியில் ஒரு மூக்கைத் தேடி

பங்குனி அமாவாசையை ஒட்டி இரண்டு இரவு வடமராட்சிக் கரையில் உள்ள மணற்காட்டுக்குப் போனோம். கிழக்கே வெறும் கடல், யாழ்ப்பாண நகரத்து வெளிச்சம் தூரத்தில் மேற்கே. மச்சானின் ஹையேஸில் 12 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கி நீட்டி நிமிர்ந்து படுத்து வந்தது, நாங்கள்தான் ஒடுங்கி இருந்தோம்.

தேடிப் போனது கன்னிக் கொத்தில், விண்மீன் மண்டலங்கள் (கலக்சிகள்) சேர்ந்து காட்டும் ‘முகம்’. மெசியே 84, 86 இரண்டும் கண்கள். நடுவில் மூக்காக என்ஜிசி 4387, கீழே வாயாக 4388. கண்களின் பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 9 அளவில், வாய் 11, மூக்கு 12. எல்லாம் ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால்.

முதல் இரவு சொதப்பல். பொருள் உச்சிக்கு வரும்வரை பொறுத்திருங்கள் என்றுதான் எங்கும் எழுதியிருக்கும். நானும் நள்ளிரவு கடக்கும்வரை பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தேன். யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கு, இந்த விண்மீன் மண்டலங்கள் வான நடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கு. ஆகவே அவை நேரே தலைக்கு மேலால் போகும். குழாய் செங்குத்தாக நின்றால் டொப்சோனியனைத் திருப்பப் பிடிமானமே கிடைக்காது. இம்மியளவு நகர்த்த அடித்தட்டு முழுவதையும் சுழற்ற வேண்டும். 150 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் பார்வையை விட்டு ஓடிவிடும். கழுத்து வலிதான் மிச்சம்.

மறுநாள் பத்தரைக்கே தொடங்கினேன். கொத்து கிழக்கில் 55 பாகைக்கு மேல், குழாய் சொன்னபடி கேட்டது. பட்டம் கட்டி மிஞ்சிய சிவப்பு ரிசுத் தாளை ரோர்ச்சில் நாலு மடிப்பாகச் சுற்றி, அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கினேன். 25 மிமீ கண்வில்லையில் இரண்டு கண்களும் உடனே தெரிந்தன. பெருக்கம் கூடிய 10 மிமீ போட்டதும் பின்னணி கறுத்தது. வாய் கிழக்கு மேற்காக ஒரு மெல்லிய தீற்றல். மூக்கு மட்டும் இல்லை. கடைக்கண்ணால் பார்த்தபடி குழாயை விரலால் மெல்லத் தட்டினேன். அசைவில் ஒரு பூஞ்சணப் புள்ளி எழும்பியது, நேரே பார்த்ததும் காணாமல் போனது. பத்துத் தரம் பார்த்தால் நாலு தரம் இருக்கும். அது போதும், குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

வலைக்குப் போக வந்த ஐயா ஒருவர் எட்டிப் பார்த்தார். “ஒண்டும் தெரியேல்லையே தம்பி.”

“நேர பாக்காதேங்கோ ஐயா, கொஞ்சம் பக்கத்தால பாருங்கோ.”

“ஓ, கடலில தூரத்து வள்ளத்து விளக்குத் தேடுற மாதிரி எண்டு சொல்லும்,” என்றவர் வாயைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அதற்கு இருபது நிமிடம் பிடித்தது.

புருவமான 4402 பிடிபடவில்லை. ஒரு மணிக்கு உப்புக்காற்றோடு குழாயின் மேல்முனையில் உள்ள சிறு கண்ணாடியில் பனி படிந்ததால் மூடிக் கட்டினோம். சித்திரை அமாவாசைக்கு எட்டரைக்கே தொடங்கலாம், கொத்து அப்போது இதே உயரத்தில் இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு மேல் கறுப்பு மட்டையில் ஒரு பனிமறைப்பு செய்துகொண்டிருக்கிறேன்.